நாட்டிங்காம் ஃபாரஸ்டின் ஐரோப்பியக் கணக்கு: லீக் 1, ஐரோப்பியக் கோப்பை 2

#1 ட்ரென்ட்கரை

நேற்று (2025 நவம்பர் 27) ராத்திரி ஃபாரஸ்டின் சொந்த மைதானமான சிட்டி கிரவுண்டில் யூரோப்பா லீக் ஆட்டம். ஸ்வீடனின் மால்மோவை 3-0 என்று ஜெயித்தோம். வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்த இழை.

வேலைக்காக நாட்டிங்காம் வந்து 6 வருடம் ஆகிறது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ட்ரென்ட் பிரிட்ஜ் தெரியும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஆற்றை ஒட்டியே இருக்கிறது ஃபாரஸ்ட் மைதானம். நேற்று எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கு எழுபது தாண்டியிருக்கும். 1979இல் மியூனிக் போய் இதே மால்மோவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தைப் பார்த்தவராம். ஸ்கோர்போர்டில் இரண்டு பெயரும் சேர்ந்து வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரிடம் அதிகம் பேச முடியவில்லை. ஆனால் அவர் முகம் மனதை விட்டுப் போகவில்லை.

எங்கே போனாலும் ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது: "ஃபாரஸ்டா? அது ஏதோ அந்தக் காலத்து அதிர்ஷ்டம்." லீக் பட்டம் ஒன்றே ஒன்று, 1977-78. ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இரண்டு, 1979, 1980. உள்நாட்டு லீக்கைவிட அதிக முறை ஐரோப்பியக் கோப்பையை வென்ற கிளப் ஐரோப்பாவிலேயே இது ஒன்றுதான். இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட எனக்கு மனசு ஒப்பவில்லை. ஃபாரஸ்டின் ஐரோப்பியக் கணக்கை ஆட்டம் ஆட்டமாகப் பேசுவோம் என்று ஆசை. எதிர்க்கருத்து இருந்தாலும் எழுதுங்கள்.

#2 நள்ளிரவு_நேரலை

அண்ணே, அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். லீக் ஒரு தடவைதான் ஜெயிச்சாங்கன்னா ஐரோப்பியக் கோப்பைல ரெண்டு தடவை எப்படி உள்ள போனாங்க? நான் பார்க்க ஆரம்பிச்சதே 2012க்கு அப்புறம்தான். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் முதல் நாலு இடம், சாம்பியன்ஸ் லீக், அவ்வளவுதான்.

#3 ட்ரென்ட்கரை

நல்ல கேள்வி தம்பி. அப்போது ஒரு நாட்டிலிருந்து லீக் சாம்பியன் மட்டும்தான் போகும். கூடவே, முந்தைய வருடம் கோப்பையை வென்ற கிளப்புக்கும் ஒரு இடம். 1978 லீக் சாம்பியன் என்பதால் 1978-79இல் ஃபாரஸ்ட் நுழைந்தது. அதை வென்றதால் 1979-80இல் நடப்புச் சாம்பியனாக நுழைந்தது. அதையும் வென்றதால் 1980-81இலும் ஆடியது. ஒரே லீக் பட்டத்தில் மூன்று சீசன்.

#4 கோல்கம்பம்

நான் அந்த எதிர்க்கருத்துக் கட்சி. கோபப்படாமல் படியுங்கள்.

ஃபாரஸ்ட் பெரிய கதைதான், மறுக்கவில்லை. 1977இல் இரண்டாம் டிவிஷனில் மூன்றாவதாக வந்து மேலே ஏறிய அணி, அடுத்த வருடமே லீக் சாம்பியன். இனி எவனும் செய்ய மாட்டான். ஆனால் ஐரோப்பியக் கணக்கைத் தனியாக எடுத்து வையுங்கள். 1979இல் சந்தித்தவர்கள் ஏதென்ஸின் ஏஇகே, சூரிச்சின் கிராஸ்ஹாப்பர், கொலோன், கடைசியில் மால்மோ. 1980இல் ஸ்வீடனின் ஆஸ்டர், ருமேனியாவின் ஆர்ஜெஷ் பிதேஷ்டி, டைனமோ பெர்லின், அயாக்ஸ், ஹாம்பர்க். ரியல் மாட்ரிட் எங்கே? யுவென்டஸ் எங்கே? மிலான் எங்கே? ஒன்பது ஆட்டம் ஆடினால் கோப்பை கையில். இன்றைக்கு பதினைந்து ஆட்டமாவது ஆட வேண்டும். எதிரில் வருபவர்கள் எல்லாரும் பண பலத்தில் மலை மாதிரி. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

#5 ஆன்ஃபீல்டு_மணி

கோல்கம்பம், உங்கள் பட்டியலில் முதல் பெயரையே விட்டுவிட்டீர்களே. 1978-79 முதல் சுற்றில் ஃபாரஸ்டுக்கு எதிரில் வந்தது எங்கள் லிவர்பூல். 1977, 1978 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பை எங்களிடம். டால்கிளிஷ், சூனஸ், ஹான்சன் எல்லாரும் இருந்த அணி. அந்த நேரத்தில் ஐரோப்பாவிலேயே எங்களைவிடப் பெரிய தடை எதுவும் இல்லை. குலுக்கலில் அது முதல் சுற்றிலேயே வந்து விழுந்தது.

சிட்டி கிரவுண்டில் முதல் ஆட்டம். முதல் கோல் கேரி பேர்ட்டில்ஸ். லாங் ஈட்டன் யுனைடெட் என்ற சின்ன கிளப்பில் ஆடிக்கொண்டு, பிழைப்புக்குத் தரைவிரிப்பு பதிக்கும் வேலை செய்தவர். இரண்டாயிரம் பவுண்டுக்கு வாங்கிய ஆள். ஃபாரஸ்டுக்காக அவர் அடித்த முதல் கோலே அதுதான். ஒரு கோலை வைத்துக்கொண்டு ஆன்ஃபீல்டுக்கு வந்தால் பத்தாது என்று எங்கள் ஆட்கள் மைதானத்திலேயே சொல்லிக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் பேர்ட்டில்ஸ் சொல்லியிருக்கிறார். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் லெஃப்ட் பேக் காலின் பேரட் முன்னால் ஏறிவந்து இரண்டாவதை அடித்தார். 2-0. ஆன்ஃபீல்டில் மறு ஆட்டம் 0-0. எங்கள் மூன்றாவது கோப்பைக் கனவு செப்டம்பர் மாதத்திலேயே முடிந்தது.

லிவர்பூல் ரசிகனாக இதை எழுதுவது எனக்கு இனிப்பாக இல்லை. ஆனால் அந்த ஃபாரஸ்டைச் சுலபமான பாதையில் போனவர்கள் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

#6 செம்மண்புழுதி

கோல்கம்பம் சாரின் "ரியல் எங்கே, யுவென்டஸ் எங்கே" கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ரொம்ப நாளாக நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

1978-79:
யுவென்டஸை முதல் சுற்றில் வெளியேற்றியது ரேஞ்சர்ஸ். ரேஞ்சர்ஸைக் காலிறுதியில் வெளியேற்றியது கொலோன். கொலோனை அரையிறுதியில் வெளியேற்றியது ஃபாரஸ்ட்.
ரியல் மாட்ரிட்டை இரண்டாம் சுற்றில் வெளியேற்றியது கிராஸ்ஹாப்பர். கிராஸ்ஹாப்பரைக் காலிறுதியில் வெளியேற்றியது ஃபாரஸ்ட்.
லிவர்பூலை வெளியேற்றியது நேரடியாக ஃபாரஸ்ட்.

1979-80:
மிலானை முதல் சுற்றில் வெளியேற்றியது போர்ட்டோ. போர்ட்டோவை வெளியேற்றியது ரியல் மாட்ரிட். ரியலை அரையிறுதியில் வெளியேற்றியது ஹாம்பர்க். மாட்ரிட்டில் 0-2 என்று தோற்றுவிட்டு, சொந்த ஊரில் 5-1 என்று ரியலைக் கவிழ்த்த ஹாம்பர்க். அவர்களை இறுதியில் வென்றது ஃபாரஸ்ட்.
அந்த வருடம் லிவர்பூலை முதல் சுற்றில் வெளியேற்றியது டினாமோ திபிலிசி. திபிலிசியை அடுத்த சுற்றில் இரண்டு ஆட்டத்திலும் வென்றது அதே ஹாம்பர்க்.

பெரிய பெயர்கள் எல்லாரும் வந்துதான் இருந்தார்கள். ஒருவர் கையில் ஒருவராகத் தோற்று வெளியேறினார்கள். ஒவ்வொரு சங்கிலியும் கடைசியில் ஃபாரஸ்டிடம் வந்து முடிகிறது. நாக்அவுட் போட்டியில் எதிராளியின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. அவன் யாரைத் தாண்டி வந்தான் என்றும் பார்க்க வேண்டும்.

#7 கோல்கம்பம்

கிராஸ்ஹாப்பர் ரியலை வெளியேற்றியது எனக்குத் தெரியாது. இந்தச் சங்கிலி நன்றாக இருக்கிறது, யோசிக்க வைக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வி: குழு ஆட்டம் இருந்திருந்தால் அந்தப் பெரிய அணிகள் முதல் சுற்றிலேயே போயிருக்குமா?

#8 பழையவானொலி

அதைத்தானே ஐயா இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருக்கிறோம். குழு ஆட்டம் இருந்தால் ஒரு கெட்ட ராத்திரிக்கு மன்னிப்பு உண்டு. அப்போது மன்னிப்பே கிடையாது. செப்டம்பரில் ஒரு சறுக்கல், அந்த வருடமே முடிந்தது.

நான் இந்த இழையில் ஒரே ஒரு ஆட்டத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். 1979 ஏப்ரல், அரையிறுதி முதல் ஆட்டம், கொலோன். சிட்டி கிரவுண்ட் சேறு. புல் என்று சொல்ல ஓரங்களில்தான் ஏதோ கொஞ்சம். 20 நிமிடம் ஆவதற்குள் கொலோன் 2-0. சொந்த மைதானத்தில், வெளியூர்க் கோல் விதி (இரண்டு ஆட்டத்தின் கோல் மொத்தம் சமமானால் வெளியூரில் அதிகம் அடித்தவர்களுக்கே வெற்றி) இருக்கும் காலத்தில், இரண்டு கோல் வாங்கியாகிவிட்டது. அந்த நிலையில் பெரும்பாலான அணிகள் மூன்றாவதும் வாங்கிவிடக் கூடாதே என்று பின்னால் ஒடுங்கும். இவர்கள் ஒடுங்கவில்லை. பேர்ட்டில்ஸ் ஒன்று. இடைவேளைக்குப் பிறகு இயன் போயர் ஒன்று. பிறகு ஜான் ராபர்ட்சன், இடது விங்கில் சோம்பலாக நிற்பவர் என்று பெயர் வாங்கிய மனிதர், சேற்றில் பாய்ந்து தலையால் அடித்தார். 3-2. ஊரே ஆடியது.

அப்புறம் கொலோன் ஒரு மாற்று வீரரை இறக்கியது. யாசுஹிகோ ஒகுதேரா, ஜப்பானியர். உள்ளே வந்து ஃபாரஸ்ட் கோல்கீப்பர் ஷில்டனைத் தாண்டி அடித்தார். 3-3. ஆசியாவிலிருந்து போன ஒருவர் ஐரோப்பியக் கோப்பையில் அடித்த முதல் கோல் அது. ஃபாரஸ்ட் ரசிகனாக வயிறு எரிந்தாலும் ஆசியனாக அந்தக் கோலை மறக்க முடியாது.

மூன்று வெளியூர்க் கோல் கொலோன் கையில். ஜெர்மனியில் 0-0, 1-1, 2-2 எதுவும் அவர்களுக்குப் போதும். எல்லாரும் ஃபாரஸ்ட் கதை முடிந்தது என்றார்கள். ஃபாரஸ்ட் மேனேஜர் பிரையன் கிளஃப் மட்டும் தொலைக்காட்சியில், எங்களைக் கணக்கிலிருந்து அடித்துவிடும் அளவுக்கு யாரும் முட்டாளாக இருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன் என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். கொலோனில் ஒரு கார்னர். பந்து உள்ளே வருகிறது, போயர் குனிந்து தலை வைக்கிறார். 1-0. அந்த ஒரு கோல்தான். மிச்ச நேரம் முழுக்க லாரி லாயிடும் கென்னி பர்ன்ஸும் சுவர் மாதிரி நின்றார்கள்.

எனக்கு மியூனிக் இறுதியைவிட இந்த இரண்டு ஆட்டம்தான் 1979 கோப்பை.

#9 நள்ளிரவு_நேரலை

சேறுன்னு சொன்னதும் பழைய வீடியோ தேடிப் பார்த்தேன். உண்மையிலேயே வயக்காடு மாதிரி இருக்கு.

அந்த வருஷம் அவங்க ஒரு ஆட்டம்கூட தோக்கலையா?

#10 செம்மண்புழுதி

ஐரோப்பாவில் தோற்கவில்லை. 9 ஆட்டம், 6 வெற்றி, 3 டிரா. அடித்தது 19, வாங்கியது 7. வாங்கிய 7இல் மூன்று அந்தக் கொலோன் ராத்திரியில் வந்தது. மூன்று வருடத்தையும் சேர்த்தால் ஐரோப்பியக் கோப்பையில் ஃபாரஸ்ட் மொத்தமே 20 ஆட்டம்தான் ஆடியிருக்கிறது. 12 வெற்றி, 4 டிரா, 4 தோல்வி. இருபது ஆட்டத்தில் இரண்டு கோப்பை.

உள்நாட்டில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 1977 நவம்பரிலிருந்து 1978 டிசம்பர் வரை லீக்கில் 42 ஆட்டம் தொடர்ந்து தோற்கவில்லை. அதை நிறுத்தியது ஆன்ஃபீல்டில் லிவர்பூல்.

#11 ஆன்ஃபீல்டு_மணி

2-0. அதை நான் சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தேன், நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

#12 ட்ரென்ட்கரை

பழையவானொலி ஐயா, கொலோன் ஆட்டத்தைக் கண்முன்னே நிறுத்திவிட்டீர்கள். ராபர்ட்சன் பெயரை எடுத்ததால் இறுதி ஆட்டங்களைப் பற்றி நான் எழுதுகிறேன். இரண்டுமே அவருடைய ஆட்டங்கள்.

1979 மே 30, மியூனிக் ஒலிம்பிக் மைதானம். எதிரில் மால்மோ. அவர்களுக்குப் பயிற்சியாளர் பாப் ஹௌட்டன் என்ற இங்கிலாந்துக்காரர். அணியை ஒழுங்காக அடுக்கி, இடைவெளியே விடாமல் ஆட வைப்பார். ஆட்டம் அழகாக இல்லை, ஒத்துக்கொள்கிறேன். முதல் பாதி முடிகிற நேரம். ராபர்ட்சன் இடது ஓரத்தில் பந்தை வாங்குகிறார். இரண்டு பேர் மறிக்கிறார்கள். வேகமே இல்லாத மனிதர், ஒரு கால் அசைவில் அரை கஜம் எடுத்துக்கொண்டு குறுக்கே தூக்கி விடுகிறார். பந்து கோல்கீப்பரைத் தாண்டி, தூரக் கம்பத்தருகே இறங்குகிறது. அங்கே ஓடிவந்து தலை கொடுத்தவர் ட்ரெவர் ஃபிரான்சிஸ். அதே பிப்ரவரியில் பர்மிங்காமிலிருந்து வந்தவர், பிரிட்டிஷ் கால்பந்தின் முதல் பத்து லட்சம் பவுண்டு வீரர். அன்றைய பதிவு விதிப்படி அதற்கு முந்தைய ஐரோப்பிய ஆட்டங்களில் அவர் ஆட முடியாது. ஐரோப்பியக் கோப்பையில் அவருடைய முதல் ஆட்டமே இறுதி ஆட்டம். 1-0.

அன்று ஆர்ச்சி கெம்மிலும் மார்ட்டின் ஓ'நீலும் பெஞ்சில். இருவருக்கும் அடிபட்டு ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் தயார் என்றுதான் சொன்னார்கள், ஆனாலும் கிளஃப் இறக்கவில்லை. கெம்மில் அந்தக் கோடையிலேயே கிளப்பை விட்டுப் போனார். ஓ'நீல் அடுத்த வருட இறுதியில் ஆடினார். முதல் இறுதியில் ஆடாத வலி அவருக்குக் கடைசிவரை இருந்தது என்பதை அவர் பேட்டிகளில் பார்க்கலாம்.

ராபர்ட்சன் கதை இன்னும் பெரியது. 1975 ஜனவரியில் கிளஃப் இந்தக் கிளப்புக்கு வந்தபோது, ராபர்ட்சன் எடை கூடிப்போய், அணியில் இடம் இல்லாமல், எந்த நிமிடமும் விற்கப்படலாம் என்ற நிலையில் இருந்தார். 1976இல் கிளஃபின் உதவியாளராகச் சேர்ந்துகொண்ட பீட்டர் டெய்லர் அவரைக் கடுமையாகத் திட்டினார், ஆனால் அவருக்குள் இருந்ததைக் கண்டுகொண்டதும் டெய்லர்தான். பணம் கொடுத்து வாங்கியது ஃபிரான்சிஸையும் ஷில்டனையும். ஆனால் இரண்டு கோப்பையையும் தீர்மானித்தது, தூக்கி எறியப்பட இருந்த அந்த இடது கால். வலது காலும்தான், ஹாம்பர்க்கைக் கேட்டால் சொல்வார்கள்.

#13 கோல்கம்பம்

> ஆட்டம் அழகாக இல்லை, ஒத்துக்கொள்கிறேன்

இந்த நேர்மைக்காகவே இந்த இழையைத் தொடர்ந்து படிக்கிறேன். 1978 முதல் 1982 வரை ஐந்து இறுதி ஆட்டமும் 1-0. ஐந்தையும் இங்கிலாந்து கிளப்புகள்தான் ஜெயித்தன. அந்தக் காலத்து இறுதி ஆட்டங்கள் அப்படித்தான்.

1980ஐயும் எழுதுங்கள். அந்த வருடம் எனக்குச் சரியாகத் தெரியாது.

#14 பழையவானொலி

1980ஐ நான் எடுத்துக்கொள்கிறேன். என் பார்வையில் இரண்டாவதுதான் பெரியது. முதல் முறை உங்களை யாருக்கும் தெரியாது. இரண்டாவது முறை எல்லாரும் காத்திருப்பார்கள்.

காலிறுதி, கிழக்கு ஜெர்மனியின் டைனமோ பெர்லின். அந்நாட்டு உளவுத்துறைத் தலைவர் எரிக் மீல்கேயின் ஆதரவு பெற்ற கிளப். நாட்டிங்காமில் வந்து 1-0 என்று ஜெயித்துவிட்டுப் போனார்கள். மறு ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்னால், மார்ச் 15, வெம்பிளியில் லீக் கோப்பை இறுதி. அதில் வுல்வ்ஸிடம் ஃபாரஸ்ட் தோற்றது. ஷில்டனும் சொந்த அணித் தடுப்பாட்டக்காரர் டேவிட் நீடமும் மோதிக்கொள்ள, ஆண்டி கிரே காலி கோலில் தள்ளினார். ஐரோப்பாவில் பின்தங்கி, உள்நாட்டுக் கோப்பையையும் இழந்து, மார்ச் குளிரில் கிழக்கு பெர்லினுக்குப் போகிறார்கள். அங்கே முதல் பாதியிலேயே மூன்று கோல். ஃபிரான்சிஸ் இரண்டு, ராபர்ட்சன் பெனால்டி ஒன்று. 3-1. ஃபிரான்சிஸ் ஃபாரஸ்டுக்காக ஆடிய மிகச் சிறந்த ஆட்டம் அது என்று நினைக்கிறேன். பத்து லட்சம் பவுண்டை அவர் திருப்பிக் கொடுத்தது மியூனிக்கைவிட பெர்லினில்.

அரையிறுதி அயாக்ஸ். இங்கே 2-0, ஆம்ஸ்டர்டாமில் 0-1. போதுமானதாக இருந்தது.

பிறகு விழுந்தது அடி. குதிகால் தசைநாண் அறுந்து ஃபிரான்சிஸ் சீசன் முடிந்தது. டோனி உட்காக்கை ஏற்கெனவே கொலோனுக்கு விற்றாயிற்று. ஸ்டான் போல்ஸ் மாட்ரிட் வர மறுத்துவிட்டார். மே 28, பெர்னபாவு. எதிரில் கெவின் கீகன், மான்ஃப்ரெட் கால்ட்ஸ், மாகத் எல்லாரும் இருந்த ஹாம்பர்க். ஃபாரஸ்டில் முன்களத்தில் பேர்ட்டில்ஸ் தனியாக. ஃபிரான்சிஸ் இல்லாத இடத்தை நிரப்ப, 18 வயது கேரி மில்ஸ் நடுக்களத்தில்.

இருபதாவது நிமிடம். ராபர்ட்சன் இடது பக்கத்திலிருந்து உள்ளே வருகிறார். பேர்ட்டில்ஸிடம் கொடுத்து, விழுந்துகொண்டே அவர் திருப்பியதை வாங்கி, வலது காலால் தரையோடு ஒரு அடி. கம்பத்தை உரசி உள்ளே. அதற்குப் பிறகு எழுபது நிமிடம் ஹாம்பர்க் அடித்துக்கொண்டே இருந்தது. ஹ்ரூபெஷையும் இடைவேளையில் இறக்கினார்கள். கீகன் பந்து தேடித் தன் பாதிக்கே இறங்கிப் போனார், பர்ன்ஸ் அவரை அந்த அளவுக்கு ஒட்டினார். மிச்சத்தை ஷில்டன் பிடித்தார். அவர் ஆட்டத்துக்கு முன்னால் தங்கியிருந்த இடத்தில் நல்ல புல்தரை கிடைக்காமல், ரவுண்டானா நடுவில் இருந்த புல்லில் பயிற்சி எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆளே இல்லாத அணி, ரவுண்டானாவில் பயிற்சி எடுத்த கோல்கீப்பர், ஐரோப்பியக் கோப்பை.

#15 நள்ளிரவு_நேரலை

அய்யா, இதைப் படிக்கும்போதே மயிர்க்கூச்செறியுது.

சூப்பர் கப்பும் ஜெயிச்சாங்க இல்ல? பார்சிலோனாவை ஒரே ஆட்டத்துல 1-0ன்னு படிச்சேன்.

#16 செம்மண்புழுதி

ஒரு திருத்தம் தம்பி. அப்போது சூப்பர் கப் இரண்டு ஆட்டம். 1980 தொடக்கத்தில் நடந்தது. நாட்டிங்காமில் 1-0, சார்லி ஜார்ஜ். பார்சிலோனாவில் 1-1, கென்னி பர்ன்ஸ் தலையால் அடித்தது. மொத்தக் கணக்கில் 2-1. அடுத்த சூப்பர் கப்பில் வலென்சியாவிடம் இழந்தார்கள். இங்கே 2-1, அங்கே 0-1, வெளியூர்க் கோல். 1961இல் ஃபேர்ஸ் கோப்பையில் ஃபாரஸ்டின் ஐரோப்பியக் கணக்கைத் தோல்வியோடு தொடங்கிவைத்ததும் இதே வலென்சியாதான். 1981 பிப்ரவரியில் டோக்கியோவில், ஐரோப்பிய சாம்பியனும் தென் அமெரிக்க சாம்பியனும் மோதும் ஆட்டத்தில், உருகுவேயின் நாசியோனாலிடம் 0-1.

1980-81 ஐரோப்பியக் கோப்பையில் முதல் சுற்றிலேயே சிஎஸ்கேஏ சோஃபியா இரண்டு ஆட்டத்தையும் 1-0 என்று வென்றது. அதோடு பெரிய காலம் முடிந்தது.

#17 கோல்கம்பம்

சோஃபியாவிடம் இரண்டு தோல்வி. நான் முதலில் சொன்ன "சுலபமான பாதை"யை இங்கே திரும்ப எடுக்கலாம் என்று வந்தேன். ஆனால் பழையவானொலி எழுதியதைப் படித்த பிறகு கை வரவில்லை. பின்வாங்குகிறேன். 1979ஐ இன்னும் ஒரு படி கீழேதான் வைப்பேன். 1980க்கு முழு மதிப்பெண்.

#18 ட்ரென்ட்கரை

போதும், அது எனக்குப் பெரிய வெற்றி!

ஆனால் ஃபாரஸ்ட் கணக்கில் நான் முக்கியமாக எழுத நினைத்தது இனிமேல்தான். 1984.

யூஇஎஃப்ஏ கோப்பை, இன்றைய யூரோப்பா லீக். டெய்லர் போய்விட்டார், கிளஃப் தனியாக ஒரு இளம் அணியைக் கட்டிக்கொண்டிருந்தார். பிஎஸ்வியை வென்றார்கள். செல்டிக்குடன் இங்கே 0-0 ஆடிவிட்டு, கிளாஸ்கோவில் 2-1 ஜெயித்தார்கள். ஆஸ்திரியாவின் ஸ்டர்ம் கிராஸைத் தாண்டினார்கள். அரையிறுதியில் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட். சிட்டி கிரவுண்டில் ஸ்டீவ் ஹாட்ஜ் இரண்டு கோல், 2-0. இறுதியில் ஒரு கால் வைத்தாயிற்று.

பிரஸ்ஸல்ஸில் மறு ஆட்டம். ஸ்கிஃபோ முதல் கோல். சரி, அது ஆட்டம். அதன் பிறகு பிரில்லே பெட்டிக்குள் விழுகிறார். பக்கத்தில் யாரும் தொடவில்லை. நடுவர் குருசெட்டா முரோ பெனால்டி கொடுக்கிறார். 2-0. கடைசி நேரத்தில் வாண்டன்பெர்க் மூன்றாவது. அப்புறம் ஃபாரஸ்டுக்குக் கார்னர். பால் ஹார்ட் எழும்பித் தலையால் அடிக்கிறார், பந்து வலைக்குள். அது நின்றிருந்தால் மொத்தம் 3-3, வெளியூர்க் கோலில் ஃபாரஸ்ட் இறுதிக்குப் போயிருக்கும். நடுவர் ஊதிவிட்டார். எதற்கு ஊதினார் என்று இன்றுவரை எந்த ஒளிப்படத்திலும் காணோம்.

1997இல் உண்மை வெளியே வந்தது. அப்போதைய ஆண்டர்லெக்ட் தலைவர் கான்ஸ்டன்ட் வாண்டன் ஸ்டாக் அந்த நடுவருக்குப் பத்து லட்சம் பெல்ஜிய ஃபிராங்க் கொடுத்திருந்தார். கடன் என்றார்கள். கிளப்பே ஒத்துக்கொண்டது. நடுவரோ 1987இலேயே கார் விபத்தில் இறந்துவிட்டார். ஆண்டர்லெக்டுக்கு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ ஓராண்டுத் தடை விதித்தது, அதுவும் மேல்முறையீட்டில் நிற்கவில்லை. ஃபாரஸ்ட் வீரர்களுக்கு என்ன திரும்பக் கிடைத்தது? ஒன்றும் இல்லை. பால் ஹார்டுக்கு ஐரோப்பிய இறுதி வாய்ப்பு மறுபடி வரவே இல்லை.

இன்னொன்றையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். 1973இல் டெர்பியை ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி வரை கொண்டுபோனவர் கிளஃப். யுவென்டஸிடம் தோற்றபோது ஏமாற்றுவேலை நடந்தது என்று கத்தினார். தோற்றவன் புலம்பல் என்றார்கள். பதினொரு வருடம் கழித்து இன்னொரு அரையிறுதியில் அதே மனிதருக்கு இது நடந்தது. கிளஃப் 2004இல் இறந்தார். உண்மை வெளியானதைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பது மட்டும் எனக்கு ஆறுதல்.

#19 ஆன்ஃபீல்டு_மணி

ஆண்டர்லெக்ட் அந்த இறுதியில் டாட்டனமிடம் பெனால்டியில் தோற்றது. ஃபாரஸ்ட் போயிருந்தால் முழுக்க இங்கிலாந்து கிளப்புகளின் இறுதியாக இருந்திருக்கும்.

அடுத்த விஷயத்தை நான் சொல்வதுதான் முறை. 1985, பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானம். யுவென்டஸுக்கு எதிரான எங்கள் இறுதி ஆட்டத்தில் 39 பேர் இறந்தார்கள். எங்கள் ரசிகர்கள் பாய்ந்ததில் நெரிந்து, சுவர் இடிந்து இறந்தார்கள். அதன் பிறகு இங்கிலாந்து கிளப்புகளுக்கு ஐந்து வருடத் தடை. தண்டனை வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அந்தத் தவறில் பங்கே இல்லாத கிளப்புகளும் சேர்ந்து அனுபவித்தன. எவர்டனைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். ஃபாரஸ்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1988இல் லீக்கில் மூன்றாம் இடம். 1989இல் மறுபடி மூன்றாம் இடம், கூடவே லீக் கோப்பை. ஸ்டூவர்ட் பியர்ஸ், டெஸ் வாக்கர், நைஜல் கிளஃப் இருந்த அணி. ஐரோப்பாவில் ஒரு நிமிடம்கூட ஆடாமல் அந்த அணி கலைந்துபோனது.

#20 பழையவானொலி

உண்மை. டெஸ் வாக்கரை ஒரு ஐரோப்பிய ராத்திரியில் சிட்டி கிரவுண்டில் பார்க்கக் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

#21 செம்மண்புழுதி

1995-96ஐ மறந்துவிடாதீர்கள். மேனேஜர் ஃபிராங்க் கிளார்க், 1979 இறுதியில் லெஃப்ட் பேக் ஆடியவர். யூஇஎஃப்ஏ கோப்பை முதல் சுற்றில் வந்தது யார் தெரியுமா? மால்மோ. அங்கே 1-2, இங்கே பிரையன் ராய் கோலில் 1-0, வெளியூர்க் கோல். பிறகு ஆக்ஸேர், லியோன் இரண்டையும் ஒரே மாதிரி, ஒரு ஆட்டம் 1-0, இன்னொன்று 0-0. அந்த சீசனில் ஐரோப்பாவில் கடைசிவரை மிஞ்சிய இங்கிலாந்து கிளப் ஃபாரஸ்ட்தான். காலிறுதியில் பேயர்ன். மியூனிக்கில் 1-2 என்று நம்பிக்கையோடு வந்தவர்களை, கிளின்ஸ்மன் இருந்த அந்த அணி இங்கே 5-1 என்று அடித்தது. பேயர்ன் அந்தக் கோப்பையையே வென்றது.

அதன் பிறகு 29 வருடம் ஒன்றுமில்லை.

#22 நள்ளிரவு_நேரலை

நடுவுல மூணாவது டிவிஷனுக்கும் போயிட்டாங்களாமே? ஐரோப்பியக் கோப்பை ஜெயிச்ச கிளப் எப்படி அங்க போகும்?

#23 ட்ரென்ட்கரை

2005இல் இறங்கியது. ஐரோப்பியக் கோப்பை வென்ற கிளப் மூன்றாம் நிலைக்கு விழுந்தது அதுதான் முதல் முறை. மூன்று வருடம் அங்கே. 2022இல் வெம்பிளியில் ஹடர்ஸ்ஃபீல்டை 1-0 என்று வென்று, 23 வருடத்துக்குப் பிறகு பிரீமியர் லீக். 2024-25இல் ஏழாம் இடம். கிடைத்தது கான்ஃபரன்ஸ் லீக். கிரிஸ்டல் பேலஸைக் கிளப் உரிமை விதியால் (ஒரே உரிமையாளர் கையில் உள்ள இரண்டு கிளப் ஒரே போட்டியில் ஆடக் கூடாது) இறக்கியதால் ஃபாரஸ்ட் யூரோப்பா லீக்குக்கு ஏறியது.

பேலஸ் ரசிகர்களுக்கு அதில் எவ்வளவு வலி என்று எனக்குப் புரிகிறது. மைதானத்தில் ஜெயித்து வாங்கிய இடம் அது.

இந்த சீசன் தொடக்கம் நிலையில்லாமல்தான் இருந்தது. மேனேஜர் நூனோ போனார், அடுத்து வந்த போஸ்டகோக்லு 39 நாளில் போனார், அக்டோபரில் ஷான் டைச் வந்தார். பெட்டிஸில் 2-2, இங்கே மிட்ஜிலாண்டிடம் 2-3 தோல்வி. டைச்சின் முதல் ஆட்டத்தில் போர்ட்டோவை 2-0. போர்ட்டோ ஆட்டத்துக்கு மைதானத்துக்குள் நுழைந்தபோது, ஒரு பக்கம் பிரையன் கிளஃப் ஸ்டாண்ட், எதிர்ப்பக்கம் பீட்டர் டெய்லர் ஸ்டாண்ட், நடுவில் அந்த வெளிச்சம். நான் இந்த ஊரில் பிறக்காதவன். எனக்கே தொண்டை அடைத்தது. பிறகு கிராஸில் 0-0, நேற்று மால்மோ 3-0. ஐந்து ஆட்டத்தில் எட்டுப் புள்ளி. மீதி உட்ரெக்ட், பிராகா, ஃபெரென்ஸ்வாரோஷ்.

#24 கோல்கம்பம்

மால்மோ 1979, 1995, இப்போது மூன்றாவது முறை. கிராஸ் 1984, இப்போது மறுபடி. இந்த சீசனில் மீதி ஆட்டங்களை நானும் பார்க்கிறேன்.

#25 நள்ளிரவு_நேரலை

ஹாம்பர்க் ஃபைனல் முழு ஆட்டமும் கிடைச்சுது, இப்பதான் பார்த்து முடிச்சேன். ராபர்ட்சன் கோலைவிட பேர்ட்டில்ஸ்தான் கண்ணுலயே நிக்கிறாரு. காலுறை கீழ இறங்கிக் கிடக்கு, தனியா நாலு பேரைத் துரத்திக்கிட்டே இருக்காரு. கடைசில ஒரு வாய்ப்பு வருது, கோல்கீப்பர் மட்டும்தான் முன்னால. கால்ல உயிர் இல்ல, அடிக்க முடியல.

அடுத்து கொலோன் முதல் ஆட்டம் பார்க்கப்போறேன் அண்ணே.

#26 ட்ரென்ட்கரை

முதல் இருபது நிமிடத்தில் நிறுத்திவிடாதே தம்பி.